இன்னொருவனின் முழங்கால்

ஜனவரி 9, வியாழன்

பையை இன்னும் பிரிக்கவில்லை. வந்து நான்கு நாள் ஆகிவிட்டது. மேலாக இருக்கும் இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, அடியில் இருப்பதைத் தொடாமல் ஓட்டுகிறேன். ஒப்பந்தம் ஆறு வாரம். பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் மறுபடி கட்ட வேண்டிவரும்.

சான்-வெரான், பிரான்ஸில் எனக்கு மூன்றாவது ஊர். மொத்தத்தில் பதினான்காவது கூடைப்பந்து கிளப். அதில் எட்டு முறை இப்படித்தான். யாருக்கோ கால் போகும், யாருக்கோ தோள் நழுவும், ஜோயெல் போன் செய்வான், நான் விமானம் ஏறுவேன். ஜோயெல் என் ஏஜென்ட். அட்லாண்டாவில் உட்கார்ந்துகொண்டு ஐரோப்பாவில் எவன் எங்கே விழுந்தான் என்று பார்த்துக்கொண்டே இருப்பான். விழுந்தவன் எழுந்துவிட்டால் நான் கிளம்ப வேண்டும். 'அடிபட்ட வீரருக்குப் பதிலாள்' என்றுதான் என் ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது.

இந்த முறை விழுந்தவன் வெண்டெல் ஹார்க்னஸ். மெம்ஃபிஸ்காரன், முப்பத்திரண்டு வயது, இங்கே மூன்று வருடமாக ஆடுகிறான். இடது முழங்காலில் சவ்வு கிழிந்திருக்கிறது. அறுவை வேண்டாம், ஓய்வும் பயிற்சியும் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அவன் குடும்பம் இருப்பது முதல் மாடி. கிளப் எனக்குக் கொடுத்திருப்பது அதே கட்டடத்தில் கீழே, மாடிப்படிக்கு அடியில் ஒரு ஒற்றை அறை. அவன் காரையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். முன்பக்கம் முழுக்க ஒரு இறைச்சிக்கடையின் சிவப்பு மாட்டுத்தலை. கதவில் பந்தோடு சிரிக்கும் வெண்டெல். அவன் முகத்தைத் திறந்துதான் நான் உள்ளே உட்கார வேண்டும்.

ஜனவரி 10, வெள்ளி

ஜிம்முக்குள் நுழைந்ததும் பதினாறு பேருக்குக் கை கொடுத்தேன். மல்லாந்து படுத்துக் காலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தவனுக்குக்கூடக் குனிந்து கொடுத்தேன். இங்கே ஒருவனை விட்டுவிட்டால் அவன் அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான்.

ஜனவரி 14, செவ்வாய்

எனக்கு இங்கே அலாரம் தேவையில்லை. எட்டேகாலுக்கு மேலிருந்து ஒரு குழந்தையின் குரல் ஆரம்பிக்கிறது. "அன், தூ, த்ருவா..." பிரெஞ்சில் ஒன்று, இரண்டு, மூன்று. வெண்டெலின் மகள் இமானி, ஆறு வயது. அப்பா அவளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிறான். அவன் ஒரு படியில் ஒரு காலை வைத்து, இன்னொரு காலையும் அதே படிக்குக் கொண்டுவந்து, அப்புறம்தான் அடுத்த படிக்கு இறங்குகிறான். ஒவ்வொரு படிக்கும் அவள் ஒரு எண் சொல்கிறாள். மொத்தம் பத்தொன்பது படி. என் தலைக்கு மேலேயே நடக்கிறது, தொப்... தொப், தொப்... தொப் என்று. பத்தொன்பது வந்ததும் கைதட்டுகிறாள்.

இன்று கதவைத் திறந்தபோது எதிரிலேயே நின்றான்.

"பெரிசு, என் மூஞ்சி போட்ட வண்டி எப்படி ஓடுது?"

"உன்னை மாதிரியேதான். மேடு வந்தா மூச்சு வாங்குது."

வாய்விட்டுச் சிரித்தான். நல்லவனாக இருக்கிறானே என்று எரிச்சலாக வந்தது. பதிலாளை முறைக்கிற ஆட்களோடு எனக்குப் பழகத் தெரியும். இவனோடு எப்படிப் பழகுவது?

ஜனவரி 18, சனி

முதல் உள்ளூர் ஆட்டம். ஜெர்சிகளைத் துவைப்பதும் பேர் தைப்பதும் ஒடில் அம்மா. சம்பளம் இல்லை, இருபது வருடமாகத் தானாகவே வந்து செய்கிறாள். கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"எத்தனை வாரம் ராசா?"

"ஆறு."

"அப்ப பேரு தைக்கல. ஒட்டி விட்டுர்றேன்."

இரண்டாவது பாதியில் முதுகில் ஒட்டியிருந்த என் பேர் 'காஸ்கின்ஸ்' வியர்வையில் உரிந்து 'கின்ஸ்' மட்டும் மிஞ்சியது. இருபத்தொரு புள்ளி எடுத்தேன். ஜெயித்தோம். வெண்டெல் கோட்டு போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்தான். ஒவ்வொரு இடைவேளையிலும் எதிரணிக்காரனைக் காட்டி என் காதில், "அவன் இடது பக்கம் மட்டும்தான் திரும்புவான், வழிய மறி" என்றான். மறித்தேன். மூன்று முறை பந்தைப் பறித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் பெரிய கூடத்தில் பருப்பும் பன்றித் தொத்திறைச்சியும் சாப்பிட்டோம். இறைச்சிக்கடைக்காரர் என் கையைப் பிடித்து விடவே இல்லை. "இங்கயே இருந்துடேன்" என்றார். எல்லா ஊரிலும் முதல் வாரம் இப்படித்தான் சொல்வார்கள். தெரிந்தும் நானும் அவர் கையை விடவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

கடைகள் மூடியிருந்தன. வண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் வரை போய், ரவுண்டானாவைச் சுற்றி, திரும்பி வந்தேன். மறுபடி போனேன். மறுபடி வந்தேன்.

ஜனவரி 22, புதன்

புதன்கிழமை பள்ளி இல்லை. படி எண்ணும் சத்தம் இல்லாததால் பத்து மணி வரை தூங்கிவிட்டேன்.

மதியம் கிளப்காரர்கள் எங்களுக்கென்று பேசிவைத்திருக்கும் உணவகத்தில் வெண்டெலும் மரிசாவும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மரிசா அவன் மனைவி. ஏப்ரலில் இரண்டாவது குழந்தை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். இமானி பிரெஞ்சில் எல்லோருக்கும் ஆர்டர் கொடுத்தாள். அப்பா சொன்னதை ஒரு தடவை திருத்தவும் செய்தாள்.

"ஒரு உதவி வேணும் பெரிசு" என்றான் வெண்டெல். "சாயந்தரம் நான் பந்து போடறப்ப எடுத்து எடுத்துக் கொடுக்கணும். பிரெஞ்சுப் பசங்களக் கேட்டா அஞ்சு மணிக்கெல்லாம் வீட்டுக்கு ஓடிடறானுங்க."

"நீ சீக்கிரம் தேறினா நான்தானடா மூட்டையக் கட்டணும்?"

"அதனாலதான் உன்னைக் கேக்கறேன். நீ ஒருத்தன்தான் என் முட்டியப் பத்தி தெனமும் யோசிக்கறவன்."

மரிசாகூடச் சிரித்துவிட்டாள். நான் சரி என்றேன். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி 28, செவ்வாய்

ஜோயெலிடமிருந்து செய்தி. "முழங்கால் என்ன சொல்லுது?" என் முழங்காலைக் கேட்கவில்லை.

தினமும் ஒரு மணி நேரம் கூடைக்கு அடியில் நின்று அவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிறேன். எம்பும்போது இரண்டு காலிலும் எம்புகிறான், இறங்கும்போது வலதில் மட்டும் இறங்குகிறான். இடது கால் தரையைத் தொட்டும் தொடாமலும் வருகிறது. நூறு தடவை பார்த்தேன். நூறிலும் அதே.

இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே ஒரு நொடி. ஆனால் இருந்தது. ச்சீ.

ஜனவரி 31, வெள்ளி

வாணலி ஒன்று வாங்கினேன். எந்த ஊரிலும் வாங்கியதில்லை.

பயிற்சி முடிந்ததும் கோச் பெர்த்தியே கூப்பிட்டு, "வெண்டெலுக்குச் சரியாகலன்னா ஜூன் வரைக்கும் நீதான். டீம் உன்னோட நல்லா ஓடுது" என்றார். நான் தலையாட்டினேன். ஜூன் வரை! ஐந்து மாதம் ஒரே கட்டில், ஒரே சாவி. கடைசியாக எங்கே அப்படி இருந்தேன்? ஹங்கேரியில் — அது ஒன்பது வருடம் ஆகிறது. வரும் வழியில் கடை ஜன்னலில் அந்த வாணலி இருந்தது. கால் தானாகவே உள்ளே போய்விட்டது.

முட்டை பொரித்தேன். ஒட்டவில்லை. நல்ல வாணலி.

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஒரு முட்டாள்தனம் செய்தேன். முழுதாக எழுதிவிடுகிறேன்.

வெண்டெலுக்கு 11ஆம் தேதி டாக்டர் சோதனை. அதில் தேறினால் 22ஆம் தேதி ஆட்டத்தில் இறங்கலாம். சோதனை எளிது. ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்ட முடிகிறது என்று அளப்பார்கள், முதலில் நல்ல கால், அப்புறம் அடிபட்ட கால். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாவிட்டால் தேறியாயிற்று. அவன் வலதில் இரண்டு மீட்டர் தாண்டுகிறான். இடதில் ஒன்றரையே திணறல்.

பந்தைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். "மார்ச்சுக்குள்ள நான் ஆடலேன்னா எவன் எடுப்பான் என்னை? ஜூனோட ஒப்பந்தம் முடியுது. முப்பத்திரண்டு வயசு, கெட்டுப்போன முட்டி. இமானிக்கு இந்தப் பள்ளிக்கூடம்தான் தெரியும். அவளுக்கு இங்கிலீஷ்ல எழுதக்கூடத் தெரியாது பெரிசு."

அப்புறம் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "நீ ஏன் பேச மாட்டேங்கற? உனக்கு நல்லதுதான?"

அந்த ஒரு கேள்விதான். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று காட்ட வேண்டும். யாருக்கு? அவனுக்கா, எனக்கா?

"நல்ல கால்ல குறைச்சுத் தாண்டுடா" என்றேன்.

"என்னது?"

"வலதுல ரெண்டு மீட்டர் போகாத. ஒண்ணு அறுபதுல நிறுத்திக்கோ. அப்ப இடதுல ஒண்ணரை போனாப் போதும், கணக்கு சரியா வந்துடும். வர்றதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வெந்நீர்ல கால வெச்சிரு. தாண்டறப்ப கையப் பெரிசா வீசு."

இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான். நான் ஹங்கேரியில் அப்படித்தான் தேறினேன். தேறி மூன்றாவது வாரம் கணுக்கால் போய், அந்த ஊரை விட்டு ஊன்றுகோலோடு கிளம்பினேன். அதை அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

இருபது தடவை பழக்கினேன். கையில் அளவு நாடாவோடு நானே நின்றேன்.

பிப்ரவரி 6, வியாழன்

இன்று வலதில் சரியாக ஒன்று அறுபத்திரண்டு. நல்ல மாணவன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தேறிவிட்டான். வலது 1.62, இடது 1.55. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். வெண்டெல் ஓடிவந்து என்னைக் கட்டித் தூக்கினான். தூக்கும்போது முழு எடையையும் வலது காலில்தான் வைத்தான். பெர்த்தியே எனக்கு நன்றி சொன்னார். 15ஆம் தேதி என் கடைசி ஆட்டம்.

ஒடில் அம்மா மட்டும், "தைச்சிருக்கலாமோ" என்றாள்.

ஜோயெலுக்குச் செய்தி போட்டேன். "பார்க்கறேன், எவனாவது விழுவான்" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

எட்டேகால். அன், தூ, த்ருவா. தேறியவன் ஏன் இன்னும் இரண்டு காலையும் ஒரே படியில் வைக்கிறான்? பன்னிரண்டில் நின்றுவிட்டது. வெகு நேரம் சத்தமே இல்லை. "அப்பா, நீ பன்னெண்டுல நின்னுட்ட" என்றாள் இமானி.

கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். முகமெல்லாம் வியர்வை, வெளியே ஒரு டிகிரி குளிர். என்னைப் பார்த்ததும் கண்ணடித்தான்.

இவன் 22ஆம் தேதி முழு ஓட்டத்தில் எம்பி இறங்கப்போகிறான். எனக்குத் தெரியும் அப்புறம் என்ன சத்தம் கேட்கும் என்று. கணுக்கால் போனபோது நானே கேட்டேன், காய்ந்த குச்சி ஒடிகிற மாதிரி.

பெர்த்தியேயிடம் போனேன். வித்தையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. "அவன மாடிப்படி இறங்கச் சொல்லிப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கதவைச் சாத்திவிட்டு, என் தோளில் கைவைத்து, "பன்னெண்டு வருஷத்துல ஒம்போது பதிலாளப் பாத்துட்டேன் ரோடெல். கடைசி வாரத்துல அஞ்சு பேர் இதையேதான் சொன்னாங்க. உன்னைத் தப்புச் சொல்லல. உன் எடத்துல நானிருந்தாலும் வந்து சொல்லியிருப்பேன்" என்றார்.

எவ்வளவு அன்பாகச் சொன்னார்! சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மூன்று முறை ஊரைச் சுற்றி நடந்தேன். அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா? நான் ஜூன் வரை இருக்க ஆசைப்படவில்லையா? வாணலி வாங்கியவன் யார்? உண்மையைச் சொல்லப் போனேனா, இடத்தைப் பிடிக்கப் போனேனா? எனக்கே தெரியல. சத்தியமாத் தெரியல.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆறாவது படியில் மரிசா உட்கார்ந்திருந்தாள். மளிகைப் பை பக்கத்தில். மூச்சு வாங்கியது. பையை நான் தூக்கிக்கொண்டேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"கோச்சுகிட்ட போனீங்களாமே? வெண்டெல் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. பெரிசு பயந்துபோயிருக்குன்னாரு."

"மரிசா, அவன் கால்..."

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கறீங்களா? ராத்திரி திரும்பிப் படுக்கறப்ப பல்லக் கடிக்கற சத்தம் கேக்குது. என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு ரோடெல். நான் வாயத் திறந்தா இந்த ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாரு. அவரோட நான் வாழணும்."

கொஞ்ச நேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "உங்கள மன்னிக்கலேன்னா அவருக்கு ஒண்ணும் நஷ்டமில்ல" என்றாள்.

பையை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அவளால் சொல்ல முடியாததை நான் சொல்ல வேண்டுமாம், சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. இந்த ஊரில் என்னை வெறுத்தால் யாருக்கும் எதுவும் குறையாது. அதற்குத்தான் பதிலாள் போல.

பிப்ரவரி 15, சனி

கடைசி ஆட்டம். இருபத்தேழு புள்ளி. கூட்டம் எழுந்து நின்று 'கின்ஸ், கின்ஸ்' என்று கத்தியது. ஒடில் அம்மா இந்த முறை என் பேரை நிஜமாகவே தைத்திருந்தாள். "ஒரு நாளைக்குத்தான், பரவால்ல" என்றாள். உரியவில்லை.

எனக்கு இந்த ஊரை விட்டுப் போக விருப்பமில்லை. எழுதியாயிற்று.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஜோயெல் போன் செய்தான். டென்மார்க்கில் ஒரு துறைமுக ஊர். ஒருவனுக்குக் கை எலும்பு முறிந்திருக்கிறது.

"சம்பளம் கம்மி, குளிர் ஜாஸ்தி. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லணும். ஆனா கொஞ்சம் பொறுத்துப் பாரேன். உன்னோட ஆளு 22ஆம் தேதி எறங்கறான் இல்ல? அன்னிக்கே மறுபடி விழுந்தா அங்கயே ஜூன் வரைக்கும் இருந்துக்கலாம். நாப்பது சதவீதம் சான்ஸ் இருக்கு."

நாற்பது சதவீதம் என்றான்! வானிலை சொல்வது போலச் சொன்னான். அவனைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அதே கணக்கை நானும் காலையில் போட்டுப் பார்த்திருந்தேன். நான் எண்பது என்று போட்டிருந்தேன்.

நாள் முழுக்க நடந்தேன். குதிகாலில் கொப்புளம். சும்மா கிளம்பிப் போனாலும் அவன் விழுவான். இங்கே இருந்துகொண்டு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்பினாலும் நான் அவன் இடத்தில் உட்கார்ந்திருப்பேன். எது மிச்சம்? எனக்கு இங்கே எதுவும் இல்லை என்று ஆன பிறகு பேசுவதுதான்.

பிப்ரவரி 17, திங்கள்

பதினொரு மணிக்கு டென்மார்க் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இங்கிருந்து வெளியேறும் தாளிலும் போட்டேன். பன்னிரண்டுக்குப் பெர்த்தியேயின் மேசைமேல் இரண்டையும் வைத்தேன்.

"நான் போறேன். திரும்பி வர முடியாது. இப்ப சொல்றதக் கேளுங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல காலில் குறைத்துத் தாண்டச் சொன்னது, வெந்நீர், அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நானே நின்றது. நாற்காலியில் உட்கார முடியவில்லை, ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டே பேசினேன். "சீசன் ஆரம்பத்துல எல்லாருக்கும் அளந்திருப்பீங்க இல்ல? ஆகஸ்ட் தாள எடுத்துப் பாருங்க. அப்ப அவன் வலது கால் என்ன போச்சுன்னு பாருங்க."

அலமாரியைத் திறந்து தேடினார். தாள் கிடைத்தது. வலது கால், ஆகஸ்ட், 2.04.

விரலை அந்த எண்ணில் வைத்தார். "நல்ல கால்ல நாப்பது சென்டிமீட்டர் எங்க போச்சுன்னு எவனும் கேக்கலயே. நானும் கேக்கல" என்றார். அப்புறம்தான் என் மேல் கோபம் வந்தது. "நீ கத்துக் கொடுத்தியா? நீ? அவன் வீட்ல சாப்பிட்டுட்டு?" கேட்டுக்கொண்டேன். கேட்க வேண்டியதுதான்.

டாக்டருக்குப் போன் பேசி முடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. ஜூன் வரைக்கும் இரு. இன்னைக்கே எழுதிக்கலாம்" என்றார்.

அந்த மேசையில்தான் என் டென்மார்க் ஒப்பந்தம் கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் போட்ட கையெழுத்து. அவர் அதைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். அப்புறம் நான் வெளியே வந்துவிட்டேன்.

அறைக்கு வந்து, என்னத்தச் சொல்ல, அழுதேன். போதுமா? அழுதேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் டாக்டர் வெண்டெலை மறுபடி தாண்டவைத்தார். இந்த முறை முழுப் பலத்தோடு தாண்டச் சொன்னார், பக்கத்தில் ஆகஸ்ட் தாள். அப்புறம் ஸ்கேன். கிழிசல் டிசம்பரில் இருந்ததைவிட இரண்டு மடங்கு. அறுவைதான். இந்த சீசன் அவனுக்கு அவ்வளவுதான்.

சாயந்தரம் பயிற்சிக்கு வந்தான், ஊன்றுகோலோடு. வழக்கம்போல ஒவ்வொருவராகக் கை கொடுத்துக்கொண்டு வந்தான். ஊன்றுகோலை அக்குளில் இடுக்கி, கை கொடுத்து, மறுபடி ஊன்றி, அடுத்தவன். எனக்குப் பக்கத்தில் நின்ற பையனுக்குக் கொடுத்தான். நான் கையை நீட்டியிருந்தேன். என்னைத் தாண்டி அடுத்தவனுக்குக் கொடுத்தான்.

கூடத்தில் பந்துச் சத்தம் நின்றுவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். கட்டித்தான் இருந்தது.

பிப்ரவரி 20, வியாழன்

எட்டேகாலுக்கு எண்ணும் சத்தம் வரவில்லை. மரிசா இமானியைக் கூட்டிக்கொண்டு லேசான காலடியோடு இறங்கினாள். என் கதவுக்கு வெளியே இமானியின் குரல். "அங்கிள் எங்கம்மா போறாரு?" மரிசா பதில் சொன்னது கேட்கவில்லை. போகும்போது என் கதவில் இரண்டு தடவை மெல்லத் தட்டிவிட்டுப் போனாள்.

ஒடில் அம்மா ஸ்டேஷன் வரை வந்தாள். என் பேர் தைத்த ஜெர்சியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். "நீ என்ன பண்ணேன்னு எனக்குப் புரியல ராசா. நல்லதா கெட்டதா?" என்றாள்.

"ரெண்டும்மா" என்றேன்.

வாணலியை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. பையில் நடுவாக வைத்துச் சட்டைகளைச் சுற்றினேன். பை மூட மறுத்தது. மேலே உட்கார்ந்து மூடினேன்.

மார்ச் 6, வியாழன்

டென்மார்க். இடைவிடாத காற்று. ஒடில் அம்மா எழுதியிருந்தாள். பிப்ரவரி 26ஆம் தேதி வெண்டெலுக்கு அறுவை நல்லபடியாக முடிந்ததாம். என் அறையில் இப்போது ஒரு லிதுவேனியாக்காரன் இருக்கிறானாம், 'அவனுக்குப் பேரு ரொம்ப நீளம், ஒட்டத்தான் முடிஞ்சுது'.

மார்ச் 7, வெள்ளி

வெண்டெலுக்கு எழுதினேன். 'கால் எப்படி?' இரண்டே சொல். பதில் இல்லை.

ஏப்ரல் 19, சனி

பதில் இல்லை. எதிர்பார்க்கவும் கூடாது. ஆனாலும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இந்நேரம் குழந்தை பிறந்திருக்கும்.

மே 15, வியாழன்

அரையிறுதியில் இரண்டாவது ஆட்டம் நேற்று, தோற்றோம். இன்று காலைப் பயிற்சிக்குள் நுழைந்ததும், இங்கே வந்த நாளாகச் செய்வது போல, எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டு போனேன். முதல் வாரம் டேனிஷ்காரர்கள் என்னைப் பைத்தியம் என்று பார்த்தார்கள். இப்போது அவர்களே நீட்டிவிடுகிறார்கள். கை முறிந்தவன் கட்டு பிரித்தாயிற்று, அடுத்த வாரம் வந்துவிடுவான். அவன் பந்தைத் தூக்கும்போது மணிக்கட்டு நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கவில்லை. நல்ல வேளை.

அறைக்கு வந்தபோது போனில் ஒரு வீடியோ இருந்தது. வெண்டெலின் எண்ணிலிருந்து. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

அந்த மாடிப்படி. மரிசாதான் கீழிருந்து எடுத்திருக்க வேண்டும், அவள் சிரிப்பு கேட்கிறது. மேலே வெண்டெல், இடது கையில் துணியில் சுற்றிய குழந்தை. பக்கத்தில் பள்ளிப் பையோடு இமானி. "அன்" என்றாள். அவன் இறங்க ஆரம்பித்தான். ஒரு படிக்கு ஒரு கால், அடுத்த படிக்கு அடுத்த கால். கைப்பிடியைத் தொடவில்லை. இமானி மூச்சுவிடாமல் எண்ணிக்கொண்டே ஓடிவருகிறாள். எட்டு, ஒன்பது, பத்து. அவன் கீழே வந்துவிட்டான். மேலிருந்து அவள் கத்துகிறாள், "அப்பா, மெதுவா! நான் இன்னும் பதினொண்ணுலதான் இருக்கேன்!"

கடைசிப் படியில் நின்று அவன் வலது கையை நீட்டினான். மரிசாவிடம் இல்லை, போனுக்கு நேராக. ஜிம்முக்குள் நுழைகிறவன் நீட்டுவது போலவே. வீடியோ முடியும்வரை அப்படியே வைத்திருந்தான்.

ஐந்து தடவை பார்த்தேன். ஆறாவது தடவை போனை வாணலிமேல் சாய்த்து நிறுத்திவிட்டு எழுந்து நின்று, நானும் கையை நீட்டினேன்.